ஹரிஸ் வீட்டு ஆடி அமாவாசை

விமானம் ஹீத்றோவில் இறங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது கழிவறை வாசலில் வரிசை நின்றது. 1985இல் கொழும்பிலிருந்து வந்த விமானங்களில் அது வழமைதான். உள்ளே போகிறவன் ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போர்ட்டைக் கிழித்துத் தண்ணீரோடு அனுப்பிவிட்டு, தாய் தகப்பன் வைத்த பெயரோடு வெளியே வருவான். இறங்கியதும் அந்தப் பெயரைச் சொல்லி அகதி விண்ணப்பம் கொடுப்பான். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

குகதாசனுக்கு முன்னால் நின்ற ஆனந்தராஜா வேலையை முடித்துக்கொண்டு வந்து, "கெதியா முடிச்சிட்டு வா" என்றான். குகதாசன் உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டு, தன் கையிலிருந்ததைப் பார்த்தான். மற்றவர்களுடையது போலக் கண்ட கண்ட நாட்டுப் பாஸ்போர்ட் அல்ல இது. அசல் பிரிட்டிஷ். டெறிக் ஹரிஸ் என்று, வெள்ளைக்காரக் கலப்பில் வந்த ஒரு கொழும்புப் பறங்கி, லண்டனில் குடியுரிமை எடுத்தவன், விடுமுறைக்குப் போன இடத்தில் தெகிவளைச் சந்தியில் பஸ் அடித்துச் செத்துப்போனான். அவன் பாஸ்போர்ட் எப்படியோ ஏஜென்சிக்காரன் கைக்கு வந்து, இப்போது அதில் குகதாசனின் படம் இருந்தது. வாங்கிய சாமானை யாழ்ப்பாணத்தான் வீணாக எறிவானா? வெடித்துப்போன சைக்கிள் ரியூப்பைக்கூட வெட்டி வாளி கட்டுகிறவன் அவன். இதைக் கிழித்தால் அகதி. கிழிக்காவிட்டால் பிரஜை. விசாரணை இல்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இல்லை. குகதாசன் பாஸ்போர்ட்டைத் திரும்பவும் சட்டைப் பையில் வைத்தான். இந்த விமானத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது என்று அப்போது அவன் நிச்சயமாக நம்பினான்.

பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி "வெல்கம் ஹோம், மிஸ்டர் ஹரிஸ்" என்றார். ஆனந்தராஜாவை ஒரு அறைக்குள் கூட்டிப்போய் எட்டு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். குகதாசன் அதை நினைத்து நினைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு வருடம்தான் நிலைத்தது.

கிறீன்ஃபோர்ட் பக்கம் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. முதல் நாள் மேற்பார்வையாளர் பெயரைக் கேட்டுவிட்டு, பழைய சைக்கிள் ஓட்டக்கார ஹரிஸுக்கு நீ சொந்தமா என்று கேட்டார். வெள்ளைக்காரன் அதைப் பகிடிக்குக் கேட்பான், பதிலை எதிர்பார்க்கமாட்டான். ஆனால் ஊர் எது, யாற்றை மகன் என்று கேட்டுக் கேட்டு வளர்க்கப்பட்டவனுக்கு அது எப்படித் தெரியும்? இல்லையென்றால் பெயரில் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து, "ஓம், அவர் எனக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீட்டி விளக்கினான் குகதாசன். மாவு பிசைகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவன் பெயர் 'சாம்பியன்'.

இனி அப்படி மாட்டுப்படக் கூடாது என்று அவன் ஈலிங் நூலகத்துக்குப் போனான். கலைக்களஞ்சியத்தை விரித்து, உலகத்தில் யார் யார் ஹரிஸ், என்ன என்ன ஹரிஸ் என்று ஒரு கொப்பியில் எழுதினான். திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரல் ஒரு ஹரிஸ். அந்தக் குடும்பத்தில் பிறகு வந்த பிரபு ஒருவர் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைவர், பம்பாய்க்குக் கவர்னர். சைக்கிள்காரர் உலகச் சாம்பியன். ஹரிஸ் என்று ஒரு தீவு, அங்கே நெய்கிற தடித்த கம்பளித் துணி, ஹரிஸ் என்ற பெயரில் ஒரு பருந்து, கடையில் தொங்குகிற பெயின்ற் பிறஷ். கடைசியில், ஜெர்மன் நகரங்களின் மேல் குண்டு போட்ட விமானப் படைத் தளபதி. இத்தனை பேரையும் குகதாசன் பரீட்சைக்குப் படிக்கிறவன் போலப் பாடமாக்கினான். ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் இருந்தது, கவுன்சில் தந்த நாலாம் மாடி வீடு வெஸ்ட் ஈலிங்கில் இருந்தது. குடும்பம்தான் இல்லை. அவன் விட்டுவிட்டு வந்தபோது மகள் பாமாவுக்கு ஆறு மாதம். ஆனந்தராஜாவுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்து, மனைவி சிவனேஸ்வரியைக் கூப்பிட்டு, அவளும் வந்து சேர்ந்துவிட்டாள். குகதாசனால் யாரைக் கூப்பிட ஏலும்? கொக்குவிலில் இருக்கிற வசந்தமலர் குகதாசனின் மனைவி. டெறிக் ஹரிஸ் கலியாணம் முடிக்காதவன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதை அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவதென்று குரோய்டனுக்குப் போய்க் குடிவரவு அலுவலக வரிசையில் இரண்டரை மணித்தியாலம் நின்றான். முன்னால் மூன்று பேர் இருக்கும்போது, செத்தவன் பெயரில் உழைத்தது, வீடு எடுத்தது, வாக்குப் போட்டது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மறியற்சாலை, பிறகு கொழும்புக்கு விமானம். அவன் வரிசையைவிட்டு விலகி, ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

கடைசியில் வழி சொன்னவன் ஆனந்தராஜாதான்.

"ஹரிஸ் ஒரு விதவையைக் கட்டலாம்தானே?" என்றான்.

"எந்த விதவையை?"

"வசந்தமலரை."

குகதாசனுக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. விளங்கியதும் கோபம் வந்தது. கோபம் அடங்க மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகு அவனே ஊருக்குக் கடிதம் எழுதினான். 1990இல் யாழ்ப்பாணத்தில் குண்டு விழாத நாளில்லை, செத்தவர்களுக்குக் கணக்குமில்லை. கொக்குவில் குகதாசன் விமானக் குண்டுவீச்சில் இறந்தார் என்று ஒரு மரணச் சான்றிதழ் எடுப்பது, உயிரோடிருப்பவனுக்கு அடையாள அட்டை எடுப்பதைவிட இலகுவாக இருந்தது.

வசந்தமலர் தாலியைக் கழற்ற ஒப்பவில்லை. "நீங்கள் உயிரோடை இருக்கேக்கை நான் ஏன் பொட்டழிக்கோணும்?" என்று எழுதினாள். அடுத்த கடிதத்தில், கழற்றித் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன் என்று எழுதினாள். பாமாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. தூதரகத்தில் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம், அதனால் அவளிடமும் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லியாயிற்று, மூன்று நாள் அழுதாள்.

1992இல் டெறிக் ஹரிஸ் கொழும்புக்குப் போய், இறந்துபோன நண்பனின் மனைவியைப் பதிவுத் திருமணம் செய்தான். அடுத்த வருடம் தாயும் மகளும் ஹீத்றோவில் வந்து இறங்கினார்கள். எட்டு வயதுப் பிள்ளை தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தது. தன்னைப் பெற்ற தாயின் மூக்கு அதன் முகத்தில் அப்படியே இருந்ததைக் குகதாசன் கண்டான். தூக்குவதற்குக் கையை நீட்டினான்.

"மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்றாள் வசந்தமலர்.

சித்தப்பா என்று கூப்பிடப் பழக்கிப் பார்த்தாள். அதற்குள்ளேயும் ஒரு அப்பா இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிள்ளை மாட்டேன் என்றுவிட்டது. அவர் பறங்கித் தகப்பனுக்கும் யாழ்ப்பாணத் தாய்க்கும் பிறந்தவர், அதுதான் எங்களைப்போலத் தமிழ் கதைக்கிறார் என்ற கதையை மட்டும் நம்பியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு வீட்டில் இரண்டு பெயர் எதற்கு என்று பாமாவையும் ஹரிஸ் ஆக்கினார்கள். உண்மையைச் சொல்ல முடியாது. பிள்ளை வாய், வகுப்பில் ஒரு சொல் விட்டால் போதும், மூன்று பேரும் தெருவில். வசந்தமலரின் நிரந்தர வதிவிட விண்ணப்பம் வேறு குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. "பதினாறு வயசாகட்டும், சொல்லுவம்" என்று கணவனும் மனைவியும் அடுப்படியில் நின்று குசுகுசுத்தார்கள். குகதாசன் விரல்விட்டு எண்ணினான். எட்டு வருடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தார்கள் பாருங்கள், அதுவும் ஒரே பானைச் சோறு சாப்பிடுகிற பிள்ளையிடமிருந்து.

பாமா நல்ல பிள்ளை. மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள், சப்பாத்தை எடுத்து ஒழுங்காக வைப்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் குகதாசனைக் கொன்றது. மற்றப் பிள்ளைகள் தகப்பனோடு சண்டை பிடிப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு தடவை அவள் வாயால் அப்பா என்று தன்னைக் கூப்பிட்டால் போதும், அதற்கு எதையும் கொடுக்கலாம் என்று நினைப்பான். கொடுப்பதற்கு இருந்த ஒன்றை, தன் பெயரை, ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தான்.

1995 ஜூலையில் பள்ளிக்கூடம் விடுமுறைக்கு மூடுவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார்கள். உங்கள் குடும்பப் பெயரைக் கொண்ட பிரபலமானவர்களைத் தேடி எழுத வேண்டும். பாமா வந்து கேட்டபோது குகதாசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பத்து வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்த கொப்பியைத் தூசி தட்டி எடுத்தான். சீரங்கப்பட்டணத்து ஜெனரலிலிருந்து பெயின்ற் பிறஷ் வரை அவன் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். பருந்தை வரைந்து நிறமும் அடித்தாள். இரண்டு வருடத்தில் தகப்பனும் மகளும் தோளோடு தோள் இருந்து செய்த முதல் வேலை அது. கடைசிப் பெயர் வந்தபோது குகதாசன் அதை வாசிக்காமல் கொப்பியை மூடினான். ஆனால் அவள் கண்டுவிட்டாள்.

"இவருக்கு ஸ்ட்ராண்ட் தெருவிலை சிலை வச்சிருக்கினம். மிஸ் சொன்னவ" என்றாள். "பிளேனிலை இருந்து குண்டு போடச் சொன்னவராம்."

"ஓம், அது சண்டைக் காலம்."

"அப்பாவுக்கும் பிளேனிலை இருந்துதானே போட்டவை."

பாமா எழுதிய தாள்களை அடுக்கி ஒரு பக்கம் வைத்தாள்.

"எனக்கு இந்தப் பேர் வேண்டாம் மாமா. நான் குகதாசன் எண்டு எழுதப்போறன்."

"அந்தப் பேரிலை பிரபலமான ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"என்ரை அப்பா இருக்கிறார்."

அப்பாவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டுமாம். அவரைத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான், அம்மாவைக் கேட்டால் அழுகிறா. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. இருக்க முடியாது, இருந்தால் அது யாருடைய படம் என்று தெரிந்துவிடும். ஆகவே குகதாசன் தன் மகளுக்குக் குகதாசனைப் பற்றிச் சொன்னான். நல்லாய்ச் சிரிப்பான் என்றான். வாழைக்காய்ப் பொரியல் என்றால் உயிரை விடுவான் என்றான். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரவிரவாக நின்றான் என்றான். கெட்டிக்காரனா என்று அவள் கேட்டாள்.

"அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தான்" என்றான் குகதாசன்.

அந்தப் பக்கத்தைத் தலைமை ஆசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்தாராம். சுவரிலும் ஒட்டினார்களாம். அது போதாதென்று, அந்த வெள்ளிக்கிழமை கனகதுர்க்கை அம்மன் கோயிலில் சிவனேஸ்வரியைக் கண்டு அவளிடமும் பாமா சொல்லியிருக்கிறாள். ஆனந்தராஜா தன் மனைவியிடம்கூடச் சொல்லாத இரகசியம் உலகத்தில் இது ஒன்றுதான். பாவம், சிவனேஸ்வரி பிள்ளையின் தலையைத் தடவி, "வாற கிழமை ஆடி அமாவாசை. தேப்பன் இல்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதம். நீயும் பிடி, அப்பாவின்ரை ஆத்மா சாந்தியடையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"நான் சொல்லப்போறன்" என்றான் குகதாசன் மனைவியிடம். "உயிரோடை இருக்கிற தேப்பனுக்குப் பிள்ளை விரதம் பிடிக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. மறியலுக்குப் போனாலும் பரவாயில்லை."

வசந்தமலர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சொல்லுங்கோ" என்றாள். மறுக்கவில்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள்.

அமாவாசையன்று அவன் வேலைக்குப் போகவில்லை. பாமா விடிய எழும்பித் தலைமுழுகி, கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். இந்த விரதத்துக்கு ஊரில் சமைக்கிற கசப்பான காத்தோட்டிக்காய் லண்டனில் எங்கே கிடைக்கும்? சவுத்தாலில் வாங்கிய பாகற்காய் அந்த இடத்துக்கு வந்தது. பூசணிக்காய், பயற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பாயசம் என்று எல்லாம் வைத்துச் சமைத்தாள் வசந்தமலர். பாமா கையளவு வாழையிலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நாலாம் மாடிப் பல்கணிச் சுவரின் மேல் வைத்தாள். செத்த தகப்பன் காகமாக வந்து தின்ன வேண்டும். அதன் பிறகுதான் பிள்ளை சாப்பிடலாம்.

லண்டன் காகத்துக்கு இதெல்லாம் தெரியுமா? முன்வீட்டுத் தொலைக்காட்சி அன்ரெனாவில் ஒன்று இருந்து பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, கிட்ட வரவில்லை. புறாக்கள் வந்தன. பாமா துவாயால் வீசிக் கலைத்தாள். ஒரு மணியாயிற்று. இரண்டாயிற்று. பிள்ளையின் உதடு காய்ந்து வெளுத்தது.

"போதும் குஞ்சு, வா, சாப்பிடு" என்றாள் வசந்தமலர்.

"அப்பா சாப்பிடாமல் நான் சாப்பிடமாட்டன்."

மூன்று மணிக்குக் குகதாசன் பல்கணிக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். இதுதான் நேரம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"பாமா, உன்ரை அப்பாவைப் பற்றி உனக்கு ஒண்டு சொல்லோணும்."

"எனக்குத் தெரியும் மாமா."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "என்ன தெரியும்?"

"வகுப்பிலை கன பேற்றை அப்பாமார் விட்டிட்டுப் போட்டினம். ஜெனியின்ரை அப்பா வேறை பேரிலை வேறை வீட்டிலை இருக்கிறாராம். அவள் அவரைப் பாக்கவே மாட்டாளாம்." அவள் அன்ரெனாவைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "என்ரை அப்பா என்னை விட்டிட்டுப் போகேல்லை. குண்டு விழுந்ததாலைதான் செத்தவர். இல்லாட்டி என்னோடைதான் இருந்திருப்பார். அதுதானே சொல்ல வந்தனீங்கள்?"

குகதாசன் வாயைத் திறந்தான். ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு விமானம் ஏறியவன், கிழித்து எறிய வேண்டியதைக் கிழிக்காமல் சட்டைப் பையில் வைத்தவன், தன் சாவுக்குத் தானே கடிதம் எழுதியவன், வேறு பேரில் வேறு வீட்டில் இருக்கிறவன். அவளிடம் இருந்தது ஒரு நல்ல அப்பா. அவரைக் கொன்றுவிட்டுத்தான் இவன் அந்த இடத்துக்கு வர முடியும். வந்தாலும் அவள் பார்ப்பாளா?

"ஓம்" என்றான். "அதைத்தான் சொல்ல வந்தனான்."

அவள் தலையாட்டினாள். பசியில் கண் சொருகியது. குகதாசன் எழும்பினான்.

"நீ உள்ளுக்குப் போ. ஆள் நிண்டால் காகம் வராது. நான் மூலைக்குள்ளை ஒளிச்சிருந்து பாக்கிறன்."

அவள் போனாள். அவன் கதவைச் சாத்தி, திரைச்சீலை முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்து இலையை மடியில் எடுத்தான். சோறு விறைத்துப்போயிருந்தது. பாகற்காய் கைத்தது. வாழைக்காய்ப் பொரியலை அவள் மற்றதைவிட இரண்டு துண்டு கூட வைத்திருந்தாள். அழுதுகொண்டு விழுங்கினான். ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்து, இலையைத் திரும்பச் சுவரில் வைத்து, முகத்தைச் சேர்ட்டில் துடைத்தான். அன்ரெனாக் காகம் தலையைச் சரித்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்தது" என்று கதவைத் திறந்து சொன்னான்.

பாமா ஓடி வந்தாள். வெறும் இலையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை அவன் கண்டதில்லை.

"முழுக்கச் சாப்பிட்டவரா?"

"முழுக்க."

"வாழைக்காயும்?"

"அதைத்தான் முதல்லை."

அவள் கைகூப்பி, அன்ரெனாப் பக்கம் பார்த்து, "அப்பா" என்றாள். அவன் அவளுக்குப் பின்னால் நின்றான். பத்து வருடம் காத்திருந்த சொல், இரண்டு முழத் தூரத்தில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனது.

உள்ளே வசந்தமலர் அவன் விரலில் இருந்த மஞ்சளைக் கண்டாள். அவன் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், குழாயைத் திறந்து, சின்னப் பிள்ளைக்குக் கழுவுவது போல விரல் விரலாகக் கழுவிவிட்டாள். கூடத்தில் பாமா அவசரம் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று வாயில் சோற்றோடு கூப்பிட்டாள். "இனி ஒவ்வொரு வருசமும் அந்த இடத்திலைதான் வைக்கோணும். அப்பாவுக்கு இப்ப வழி தெரிஞ்சிட்டுது. என்ன மாமா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குகதாசன் குழாயைப் பூட்டினான்.

"ஓம் பிள்ளை" என்றான்.